எல்லாம் குருவி பேரில்

ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவன் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், அதுவும் நாலாவது மாடியில். இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். "நாள் பூரா அதோட மல்லுக்கட்டிட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தும் அது மூஞ்சியிலதான் முழிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு ஒவ்வொரு படியாக ஏறிப் போவான். அவன் அவசரமாகப் படியேறி யாரும் பார்த்ததில்லை. பட்டறையில் அவனுக்கு நிதானம் என்று பேர் வைத்திருந்தார்கள். பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

அவன் மனைவிக்குப் பேர் வைத்ததும் அதே பட்டறைதான். கம்ப்யூட்டர்ப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் அங்கே ஒரே ஒரு தடவை போனாள். அன்றிலிருந்து பொட்டிக்காரி. வீட்டில் சாப்பாட்டு மேஜைதான் அவளுக்கு ஆபீஸ். ஒரு பல் டாக்டருக்கு, ஒரு பூந்தொட்டிக் கடைக்கு, ஒரு நீச்சல் குளத்துக்கு என்று வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, அவன் வேலை பார்க்கிற லிஃப்ட் கம்பெனியின் முதலாளியம்மா ஒரு பெரிய வேலையைக் கையில் கொடுத்தார். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றது, என்ன கோளாறு, யார் சரிசெய்தார்கள், எல்லாம் வேலை முடிந்த கையோடு தன் மேஜையில் தெரிய வேண்டும். மெக்கானிக்குகள் போனிலேயே உள்ளே நுழைந்து எழுத வேண்டும். அவ்வளவுதான்.

இந்தத் தொழிலில் யாரும் எல்லாவற்றையும் அடியிலிருந்து கட்டுவதில்லை. ஃபிரேம்வொர்க் என்று ஒன்று இருக்கிறது. சுவரும் கூரையும் போட்டுத் தயாராகக் கிடைக்கிற வீடு மாதிரி. வருகிறவர் யார் என்று கேட்டு உள்ளே விடுகிற லாகின் வாசலும் அதில் தயாராகவே வரும். இமெயில் கேட்கும், பாஸ்வேர்டு கேட்கும், பாஸ்வேர்டில் பெரிய எழுத்து உண்டா, எண் உண்டா, குறி உண்டா என்று நோண்டி நோண்டிக் கேட்கும். இது நம் ஆட்களுக்குச் சரிப்படாது என்றால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் முதல் நாளே மாற்ற வேண்டும், வேறு எதையும் கட்டுவதற்கு முன்னால். பின்னால் மாற்றினால் அதோடு பிணைந்திருக்கிற எல்லாம் சேர்ந்து இழுபடும். கற்றுக்கொடுக்கிற பக்கத்திலேயே இதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பொட்டிக்காரிக்கும் தெரியும். ஆனால் முதலாளியம்மா அடுத்த வாரமே வேணும் என்று ஒற்றைக்காலில் நின்றார். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று இவள் விட்டுவிட்டாள். அந்தத் தொழிலில் 'அப்புறம்' என்பதற்கு ஆயுசு கெட்டி.

மழைக்காலம் வந்தது. மழை என்றால் லிஃப்ட்காரர்களுக்குக் கொண்டாட்டமும் இல்லை, ஓய்வும் இல்லை. லிஃப்ட் இறங்கி நிற்கிற இடத்துக்கும் கீழே ஓர் ஆள் உயரத்துக்குக் குழி இருக்கும். தெருத் தண்ணீரெல்லாம் வழி கேட்டுக்கொண்டு அங்கேதான் வந்து சேரும். நிதானம் நாள் தவறாமல் முழங்கால் வரை சேறும் முழங்கை வரை கிரீஸுமாக வந்தான். அவன் வந்து போன தடம் நாலு மாடிக்கும் இருக்கும். கீழ்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வராததற்கு ஒரே காரணம் அவனுடைய அக்காதான். புருஷன் சரியில்லை என்று என்றைக்கோ கையைக் கழுவிவிட்டுத் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். பொட்டிக்காரிக்கு அண்ணி. பேக்கரியில் வேலை. மிஞ்சின பன்னை மாடிக்கு மாடி கொடுத்து எல்லார் வாயையும் அடைத்து வைத்திருந்தாள்.

ஒரு பிற்பகல், ஜன்னலில் மழைச்சாரல் அடித்துக்கொண்டிருந்தபோது முதலாளியம்மா போனில் வந்தார்.

"ஏம்மா, நீ செஞ்சு கொடுத்தது பிரமாதம். இப்பல்லாம் யார் வேலை பாக்கறாங்க, யார் சும்மா சுத்தறாங்கன்னு உக்காந்த எடத்துலேர்ந்தே தெரியுது."

"சந்தோஷம்மா."

"சந்தோஷம்தான். ஆனா உன்கிட்ட சொல்லாம இருக்கவும் மனசு வரலை. ரெண்டு பெரிய கட்டடம் நம்மள விட்டுட்டு வேற கம்பெனிக்குப் போயிட்டாங்க. ஆளைக் குறைச்சாகணும். நம்ம மூத்த மெக்கானிக் குருவியை மேற்பார்வைக்குப் போட்டுட்டு, ஒண்ணும் செய்யாதவங்களை இந்த மாசத்தோட நிறுத்திடலாம்னு இருக்கேன்."

"சரிம்மா."

"சரின்னு சொல்றியே. அதுல உன் வீட்டுக்காரரும் வர்றார்."

பொட்டிக்காரிக்கு முதலில் விளங்கவில்லை. "அவருக்கு என்னம்மா?"

"அவர் பேர்ல ஒரு வேலைகூட இல்லையேம்மா. நீ தொடங்கி வெச்ச நாள்லேர்ந்து இல்லை. நல்ல மனுஷன், மரியாதையானவர், எல்லாம் சரி. ஆனா நான் எதை வெச்சு வெச்சுக்கறது சொல்லு. நீ செஞ்ச பக்கம்தானே, நீயே பாரு."

போனை வைத்துவிட்டுப் பார்த்தாள். எல்லா வேலையும் குருவி பேரில் இருந்தது. நிதானம் பேரில் ஒன்றும் இல்லை, மற்ற மெக்கானிக்குகள் பேரிலும் இல்லை. அப்புறம்தான் நேரத்தைக் கவனித்தாள். ஒரே காலையில், ஒரே நேரத்தில், ஊரின் இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் குருவி லிஃப்டைச் சரிசெய்திருந்தார். பேருக்கேற்றபடி பறந்திருந்தால்தான் உண்டு.

நிதானம் சாயங்காலம் வந்தான். மரத்தூளையும் சோப்பையும் சேர்த்துக் கையைத் தேய்த்துக்கொண்டே அன்றைய கதையைச் சொன்னான். அது அவன் வழக்கம்.

"பழைய நூலகம் இருக்கில்ல, அங்க. குழியில தொடை வரைக்கும் தண்ணி. பம்பு போட்டு எறைச்சுட்டுப் பாத்தா, லிஃப்டைக் கீழ நிறுத்தற எல்லை சுவிட்ச் ஊறிப் போயிருக்கு. கழட்டித் தொடைச்சு, வேற மாட்டி, மச்சான் மேலேர்ந்து கொரல் கொடுக்கக் கொடுக்க ஒரு விரக்கடை ஒரு விரக்கடையா எறக்கி நிறுத்தினோம். இப்ப பூ மாதிரி வந்து நிக்குது."

மச்சான் என்றது குருவியை. குருவி பொட்டிக்காரியைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்ததிலிருந்து அந்த உறவு.

"முடிச்சதும் எழுதினீங்களா?" என்று கேட்டாள்.

"எழுதியாச்சு."

"யார் பேர்ல?"

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. முட்டையை ரொட்டியில் வைத்துக்கொண்டிருந்த அண்ணி, தம்பியின் முதுகைப் பார்த்தே ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னடா திருதிருன்னு முழிக்கறே. கேக்கறா இல்ல, சொல்லு."

"குருவி மச்சான் பேர்ல," என்றான்.

"ஏன்?"

"எல்லாரும் அப்படித்தான் போடறோம்."

"அதான் ஏன்னு கேக்கறேன். உங்களுக்குன்னு தனியா கணக்கு ஆரம்பிச்சுக் கொடுத்தேனே. இமெயிலு, பாஸ்வேர்டு எல்லாம் நான்தானே போட்டுக் கொடுத்தேன்."

அவன் துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். "அந்த இமெயிலு ரயில் மாதிரி நீளமா இருக்கும்மா. குழிக்குள்ள நின்னுட்டு, கிரீஸ் கையால, நனைஞ்ச போன்ல அதை அடிக்க முடியலை. பாஸ்வேர்டுல பெரிய எழுத்து எது, சின்ன எழுத்து எதுன்னு வேற மறந்துடுது. தப்பாப் போட்டாக் கால் மணி நேரம் கதவைச் சாத்திக்குது. கட்டடத்துல லிஃப்ட் ஓடுது, நான் எழுதி முடிக்க முடியாம அங்கேயே நிக்கறேன். அப்பதான் குருவி மச்சான் சொன்னாரு, சுவத்துல இருக்கறதைப் போடு, தொறக்கும்னு. போட்டேன், தொறந்துது."

"எந்தச் சுவத்துல?"

"நீதானேம்மா எழுதினே. பாடம் நடத்த வந்தப்ப."

அவளுக்கு நினைவு வந்தது. அன்றைக்குப் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் ஒரு உதாரணம் எழுதிக் காட்டினாள். குருவி முன்னால் உட்கார்ந்திருந்தார், அவர் பேரிலேயே குட்டி இமெயில் ஒன்றைப் போட்டு, நிஜக் கணக்காகவே திறந்து காட்டினாள். பாஸ்வேர்டும் அவர் பேர், ஒரு குறி, ஒன்று இரண்டு மூன்று. 'இதை மறக்காதீங்க' என்று வேறு சொல்லிவிட்டு வந்தாள். அவர்கள் மறக்கவில்லை.

"இத்தனை மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. நான் தெனம் இதே மேஜையிலதானே உக்காந்திருக்கேன்?"

"ராத்திரி பகலா நீ கண்ணு முழிச்சுச் செஞ்ச வேலை. அது நல்லா இல்லைன்னு எப்படிச் சொல்றது?" என்றான். "நல்லா இருக்கான்னு நீயும் ஆசையாக் கேட்டே. நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்."

கோபமும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்து, கோபம் ஜெயித்தது. "உங்க நல்லா இருக்குல இப்ப உங்க வேலை போகப்போகுது," என்று முதலாளியம்மா சொன்னதையெல்லாம் கொட்டினாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். அவனுக்கு அந்த வேலையைத் தவிர வேறு எதுவும் தெரியாது, வேறு எதன் மேலும் ஆசையும் கிடையாது. ஒரு லிஃப்ட் தரையோடு தரையாக வந்து நின்றால் அன்று முழுக்க முகம் மலர்ந்திருப்பவன். அதை அவள் கல்யாணத்தன்றிலிருந்து பார்க்கிறாள்.

"நாளைக்குக் காலையில நானே போய் முதலாளியம்மாகிட்டச் சொல்லிடறேன்."

"வேணாம்."

"ஏன் வேணாம்?"

"தனித்தனியாப் பிரிச்சா குருவி மச்சான் பேர்ல என்ன நிக்கும்னு பாத்தியா? அவருக்கு ரெண்டு முழங்காலும் போயாச்சு. குழிக்குள்ள எறங்கி வருஷமாச்சு. அவர் முறைக்கு நான் எறங்கறேன், மத்தவங்க எறங்கறாங்க. முதலாளியம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா முதல்ல நிறுத்தறது அவரைத்தான்."

அண்ணி தட்டை அவன் முன்னால் வைத்தாள். "உன்னை நிறுத்தினாப் பரவாயில்லையாக்கும். ஊருக்கு ஒழைக்கப் பொறந்தவன்டா நீ. சாப்பிடு முதல்ல."

"நான் பரவாயில்லைன்னு சொல்லலக்கா. அவர் வாயால வரட்டும்னு சொல்றேன்."

மூன்று பேரும் சாப்பிட்டார்கள். மழை நிற்கவில்லை.

மறுநாள் காலையில் பொட்டிக்காரி பட்டறைக்குப் போனாள். முதலாளியம்மாவைப் பார்க்க இல்லை, சுவரைப் பார்க்க. உள்ளே ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். கம்பிக் கயிறு வளையம் வளையமாக அடுக்கியிருந்தது. கிரீஸ் டின்களுக்கு மேலே அந்தச் சுவர். அவள் எழுதின எழுத்து அப்படியே இருந்தது, ஆனால் சாக்பீஸில் இல்லை. மஞ்சள் பெயின்டில், சுற்றிக் கட்டம் போட்டு, அழகாக எழுதி வைத்திருந்தார்கள்.

"நான்தான் தங்கச்சி எழுதினேன்," என்று குருவி பின்னாலிருந்து பெருமையாகச் சொன்னார். ஒல்லியான மனிதர், பேசும்போது தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் துள்ளும். "சாக்பீஸ் அழிய ஆரம்பிச்சுது. நீ மறக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போனியே. லிஃப்ட் கதவுக்கு வாங்கின பெயின்ட் மிச்சம் இருந்துது. மஞ்சள் தூரத்துலேர்ந்தும் தெரியும் பாரு."

"தெரியுதுண்ணே."

"சேதி கேட்டியா? என்னை மேற்பார்வைக்குப் போடறாங்களாம். வீட்டுல சொன்னேன். அவ தெரு பூராச் சொல்லிட்டு வந்துட்டா." புதுச் சட்டை போட்டிருந்தார்.

நிதானம் மூலையில் ஒரு கப்பியைத் துடைத்துக்கொண்டு, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, உங்களை எதுக்குப் போடறாங்கன்னு தெரியுமா?"

"திறமைக்குத்தான்," என்று சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, "ஏன் தங்கச்சி?" என்றார்.

சொன்னாள். சுவரைக் காட்டிச் சொன்னாள். யார் யாருக்கு வேலை போகப் போகிறது என்பதையும் சொன்னாள். குருவி முகத்தில் ஈயாடவில்லை. நிதானத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"மாப்ளே, நீயுமா?"

"அப்படித்தான் சொல்றாங்க மச்சான்."

குருவி ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு கையையும் தொடையில் ஊன்றி மெதுவாக உட்கார்ந்தார். உட்காரும்போது பல்லைக் கடித்ததை அவள் பார்த்தாள். "நான் அதை யோசிக்கவே இல்லை," என்றார். "மேற்பார்வைன்னா குழியில எறங்க வேண்டியதில்லைன்னு அது ஒண்ணுதான் மனசுல நின்னுது. இந்தக் காலை வெச்சுட்டு இன்னும் எத்தனை நாள் ஒளிச்சு ஒளிச்சு ஓட்டறதுன்னு இருந்தேன்."

அவருக்கு ஆறுதலாக என்ன சொல்வது என்று தெரியாமல், "நீங்க கீழ எறங்கறதில்லைன்னா மேல நின்னு என்னண்ணே செய்வீங்க?" என்று கேட்டாள். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள்.

"மேல ஆள் இல்லாம கீழ ஆள் ஏது தங்கச்சி? மோட்டார் அறையில நான். குழியில இவன். இவன் உள்ள இருக்கற வரைக்கும் மெயின் சுவிட்சு மேல என் கை இருக்கும். எவனாவது தெரியாம வந்து போட்டுட்டா இவன் கதி என்ன ஆகறது? மோட்டார் சத்தத்தை வெச்சே பிரேக் பிடிக்குதா, வழுக்குதான்னு சொல்லுவேன். இவன் கொரல் கொடுப்பான், நான் ஏத்துவேன், எறக்குவேன். ஒத்த ஆளா லிஃப்டைத் தொடற பழக்கமே நம்ம பட்டறையில கெடையாது. யார் கீழ எறங்கினாலும் மேல பெரும்பாலும் நான்தான்."

பொட்டிக்காரி தன் பக்கத்தை நினைத்துப் பார்த்தாள். அவள் செய்த பக்கத்தில் 'வேலை செய்தவர்' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. யார் உள்ளே நுழைந்தாரோ அவர் பேர் அதில் தானாகவே போய் உட்காரும். இரண்டு பேர் செய்கிற வேலைக்கு ஒருவருக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள். கதவும் சரியில்லை, உள்ளே போட்ட நாற்காலியும் ஒன்று குறைச்சல். மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு, தினமும் அவன் கதையைக் கேட்டுக்கொண்டு, இது தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

குருவி எதுவும் முடிவாகச் சொல்லாமல் எழுந்து போனார். அவள் வீட்டுக்கு வந்து அன்றைக்கே வேலையைத் தொடங்கினாள். யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்றெல்லாம் பார்க்கவில்லை.

முதலில் வாசல். இமெயிலைத் தூக்கி எறிய வேண்டும். அதற்குப் பதில் என்ன கேட்பது? மெக்கானிக்குகள் ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு முக்கோணச் சாவி தொங்கும், லிஃப்ட் கதவை வெளியிலிருந்து திறக்கிற சாவி. அதன் பித்தளைக் காதில் நம்பர் அடித்திருக்கும். அந்த நம்பரை அவர்கள் தூக்கத்திலும் சொல்வார்கள், ஏனென்றால் சாவியைத் தொலைத்தவனுக்குப் பட்டறையில் கிடைக்கிற ஏச்சு அப்படி. சாவி நம்பர், அதோடு ரகசியமாக நாலு எண். எழுத்தே வேண்டாம், எல்லாம் எண்தான், பெரிய பெரிய பொத்தானாக.

எதைக் கேட்பது என்று முடிவாகிவிட்டது. எப்படி மாற்றுவது என்பதுதான் தொல்லை. இத்தனை மாத வேலையும் பழைய கணக்கோடு பிணைந்து கிடந்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டியது. தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவளிடம் நிதானம் டீயை நீட்டினான்.

"இடிச்சுட்டுக் கட்டணுமா?"

"இடிக்க முடியாதுங்க. உள்ள ஆள் குடியிருக்காங்க. அதனால பழைய கணக்கை அப்படியே விட்டுட்டு, பக்கத்துலயே தனியா ஒரு அட்டவணை போடறேன். இந்தக் கணக்குக்கு இந்தச் சாவின்னு ஒண்ணுக்கு ஒண்ணு கோத்துடுவேன். வாசல்ல வழக்கமா நிக்கற காவல்காரனுக்குப் பதிலா என் ஆளை நிறுத்துவேன். அவன் இமெயில் கேக்க மாட்டான், சாவி நம்பர்தான் கேப்பான்."

அவன் டீயை மேஜையில் வைத்தான். "புரியுது. குழிக்கு எடம் விடாமக் கட்டின பழைய கட்டடத்துக்கு வெளிச் சுவரோட இரும்புக் கூடு நிறுத்தி லிஃப்ட் போடுவோம் பாரு. மாடிக்கு மாடி ஒரு கதவு மட்டும் ஒடைச்சு விட்டாப் போதும். ஜனங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

"அதேதாங்க."

"அப்ப ஓடும்," என்றான் அவன், தன் தொழில் என்பது போல.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, சாயங்காலம் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அண்ணி திறந்தாள். குருவி நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வந்திருக்கிறார், சட்டையெல்லாம் வேர்வை. நிதானம் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தான். அவன் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

"போன்ல சொன்னா ஆகாதா மச்சான்? எதுக்கு இந்தக் காலை வெச்சுட்டு ஏறினீங்க?"

"ஏறித்தான் சொல்லணும்னு தோணுச்சு." தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தார். "முதலாளியம்மாவைப் பாத்துட்டு வர்றேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். சுவரு, பெயின்ட்டு, முழங்காலு, எதையும் மறைக்கலை. அந்த வேலையெல்லாம் என் வேலை இல்லைம்மா, பட்டறை வேலைன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?" என்று பொட்டிக்காரி கேட்டாள்.

"நெஜம் என்னன்னு எனக்குக் கண்ணால காட்டுங்க, அதுக்குள்ள யாரையும் நிறுத்த மாட்டேன்னாங்க. நீ என்னமோ மாத்திக்கிட்டிருக்கியாமே. மாப்ளே சொன்னான்."

அண்ணி ஒரு தட்டு நிறைய பன் கொண்டுவந்து அவர் மடியிலேயே வைத்தாள். "உங்க வீட்டம்மா தெரு பூராச் சொன்னாங்களாமே. இப்ப என்ன செய்வாங்க?"

"மறுபடி ஒரு சுத்து போயிட்டு வருவா. அவளுக்கும் நடந்த மாதிரி இருக்கும்," என்றார் குருவி. அண்ணி சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பொட்டிக்காரிக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. அவர் பன்னைப் பிட்டுத் தின்கிற வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணால் காட்டுகிற நாளும் வந்தது. மழைதான் கொண்டுவந்து கொடுத்தது. அதே பழைய நூலகம், அதே குழி. முதலாளியம்மா குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றார். பொட்டிக்காரியும் பெட்டியோடு போனாள். குருவியை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து நூலகத்து ஆட்கள் மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். "பதவியேத்து வெக்கறாங்க போல," என்று அவரே சொல்லிக்கொண்டு போனார். நிதானம் குழிக்குள் இறங்கினான். கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல்கள் ஆரம்பித்தன.

"மச்சான், அணைச்சாச்சா?"

"அணைச்சாச்சு மாப்ளே. கை வெச்சிருக்கேன். தொடு."

"தொட்டுட்டேன். ஈரம்தான், வேற ஒண்ணுமில்லை. மாட்டறேன்."

"மாட்டு. அவசரம் வேணாம்."

"எனக்கா சொல்றீங்க?"

முதலாளியம்மா இதற்கு முன்னால் மேஜையிலிருந்துதான் வேலையைப் பார்த்திருக்கிறார். இப்போது குழி விளிம்பில் நின்றுகொண்டு, மேலேயிருந்து வருகிற குரலுக்குக் கீழே ஒரு ஆள் உயிரை நம்பிக் கொடுத்து வேலை செய்வதைப் பார்த்தார். லிஃப்ட் வந்து தரையோடு தரையாக நின்றதும், காலால் அந்த விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

நிதானம் வெளியே வந்து, இடுப்புச் சாவியைப் பார்க்காமலே நம்பரை அடித்தான். நாலு எண்ணையும் அடித்தான். கதவு திறந்தது. வேலையை எழுதி முடித்ததும், 'கீழ் ஆள் ஒப்புக்கொண்டார், மேல் ஆளுக்காகக் காத்திருக்கிறது' என்று வந்தது. மேலே குருவி தன் சாவி நம்பரை அடித்த பிறகுதான் வேலை முடிந்ததாகக் காட்டியது. முதலாளியம்மாவின் போனில் இரண்டு பேருடைய பெயர்களும் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரிந்தன.

"ரெண்டு பேர் இல்லாம இது முடியவே முடியாதா?" என்று கேட்டார்.

"முடியாதும்மா. முடியற மாதிரி நான் செஞ்சு வெச்சிருந்தேன். அது என் தப்பு," என்றாள் பொட்டிக்காரி.

"அப்ப நான் நெனைச்சபடி ஆளைக் குறைச்சிருந்தா கீழ எறங்க ஒருத்தரும் இருந்திருக்க மாட்டாங்க." குடையைத் தட்டித் தண்ணீரை உதறினார். "யாரும் எங்கயும் போக வேணாம். போன கட்டடத்துக்குப் பதிலா நான் வேற கட்டடம் பிடிக்கறேன், அது என் வேலை. குருவி மேலயே இருக்கட்டும், மேற்பார்வையும் அவரே பாக்கட்டும். அதுக்குக் கால் எதுக்கு, காதுதானே வேணும்." பிறகு நிதானத்தைப் பார்த்து, "நீங்க பேசவே மாட்டீங்களா? ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருக்கலாமே," என்றார். அவன் தலையைச் சொறிந்தான்.

மிச்சம் இருந்தது அந்த மஞ்சள் பெயின்ட்டுக் கணக்கு ஒன்றுதான். அதை அழித்தால் இத்தனை மாத வேலையும் கூடவே அழியும். பொட்டிக்காரி அதற்குள் யாரும் நுழைய முடியாதபடி பூட்டிவிட்டு, குருவி என்று இருந்த பேரை எடுத்துவிட்டுப் 'பட்டறை' என்று போட்டாள். குருவிக்குப் புதிதாக ஒரு கணக்கு. சுவரைச் சுரண்டலாம் என்று நிதானம் சொன்னதற்குக் குருவி சம்மதிக்கவில்லை. திறக்காத பாஸ்வேர்டு சுவரில் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் நிதானம் குளித்துவிட்டு வந்து மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தான். மழை விட்டிருந்தது, ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எப்படி இருக்கு? நல்லா இருக்கா?"

அவன் போனைக் கையில் எடுத்து, தள்ளி வைத்துப் பார்த்து, கிட்டே வைத்துப் பார்த்தான். அண்ணி அடுப்படியிலிருந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எட்டும் ஒம்போதும் ரொம்பக் கிட்டக் கிட்ட இருக்கு," என்றான். "கட்டை விரலை வெச்சா ரெண்டும் சேர்ந்து அமுங்குது. அப்புறம் அந்த நீலக் கலரு குழி இருட்டுல தெரியலை. காத்திருக்குன்னு வருது பாரு, அது எவ்வளவு நேரம்னு தெரியாம நிக்க வேண்டியிருக்கு. இன்னும் ரெண்டு மூணு இருக்கு. சொல்லட்டுமா?"

இத்தனை வருஷத்தில் அவள் செய்த எதையும் அவன் குறை சொன்னதில்லை. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தாள்.

"ஒவ்வொண்ணாச் சொல்லுங்க," என்றாள்.